நிறுத்துகிற பொத்தான்

வேலை தேடி மண்டபத்தூருக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். முன் சீட்டில் ஓர் ஐஸ் கம்பெனி மேனேஜரும் அங்கே ஒயரிங் செய்பவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மெஷினை நிறுத்துற பொத்தான் ஒயர்ல எந்நேரமும் கரண்ட் ஓடணுமா? உலகத்துல இல்லாத வழக்கமா இருக்கேய்யா” என்றார் மேனேஜர்.

“ஓடணும் சார். பொத்தானை அமுக்குனா அந்தக் கரண்ட் நிக்கும். அது நின்னாத்தான் ஐஸ் உடைக்கிற மெஷின் நிக்கும்.”

“நேத்து உப்புக்காத்துல ஒயர் இத்துப்போயி மெஷின் தானா நின்னுடுச்சு. ஐஸ் இல்லாம மீனெல்லாம் கெட்டுப்போச்சு. பொத்தானை அமுக்குனா மட்டும் கரண்ட் வர்ற மாதிரி மாத்து. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

“பாத்துக்கங்க. ஆனா அப்ப ஒயர் அந்துபோனா யாருக்கும் தெரியாது, மெஷின் பாட்டுக்கு ஓடும். ஒருத்தன் கை உள்ள மாட்டி, பொத்தானை அமுக்குறப்பதான் தெரியும். மாத்துன அன்னைக்கி முதல் ஐஸ் கட்டியை மெஷினுக்குள்ள நீங்களே தள்ளுங்க சார்.”

மேனேஜர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, “இத்துப்போனதுக்குப் பதிலா புது ஒயர் எத்தனை மீட்டர் வேணும்?” என்று கேட்டார்.