கவரைக் கழட்டியது யார்?

ஹலோ... ஆ, சொல்லு பாப்பா. ஆபரேஷன் முடிஞ்சுதா?... அப்பாடா! கை?... எத்தனை விரல்?... சரி சரி, அழாத. மாப்பிள்ளை உசுரு தப்பிச்சாரே, அது போதும். கண்ணு முழிச்சாரா?... இன்னும் மயக்கம்தானா. ம்... அண்ணன் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன். வண்டிய எடுத்துத் தொலைக்க மாட்டேங்கிறான்.

என்னது, கையெழுத்தா? யாரு கேக்குறது?... மாப்பிள்ளை கம்பெனி ஆபீசரா. இப்பவேவா?... இங்கிலீஷ்லயா இருக்கு? போட்டோ எடுத்து அனுப்பு... ஏன்? ஏன் எடுக்கக் கூடாதாம்?

இரு, பதறாத. ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் போன்ல இங்கிலீஷ் கிளாஸ் எடுக்குறேன், என் தங்கச்சிக்குச் சொல்லித் தர மாட்டேனா?... ஆமா ஆமா, இப்பதான் பாடம், கழுதை! எத்தனை வரி இருக்கு?... மூணுதானே. எழுத்துக் கூட்டிப் படி.

ம்... ம்... ஆபரேட்டர். மெஷின் ஓட்டுறவர். அதான் சப்ஜெக்ட், வேலையச் செஞ்ச ஆள். இப்ப வெர்ப் வரும், அவர் என்ன செஞ்சார்னு. படி... ரிமூவ்டு. கழட்டினார். எதை?... சேஃப்டி கவர்... ஆமாம்மா, கை உள்ள போகாம மூடியிருக்குமே, அதை மாப்பிள்ளையே கழட்டினாராம்... ஆமா, தப்பெல்லாம் அவர் மேலன்னுதான் அர்த்தம்.

என்ன? ஆபரேஷனுக்கு முன்னாடி உங்கிட்ட சொன்னாரா?... சூப்பர்வைசரா கழட்டினது? வேலை சீக்கிரம் முடியணும்னா?... அடப்பாவிங்களா!

ரெண்டாவது வரி... ஆபரேட்டர்... ஸ்டார்ட்டட்... தி மெஷின்.

இரு, மேல படிக்காத. பாப்பா, மூணாவது வரிய நான் சொல்றேன், சரியான்னு பாரு. தி ஆபரேட்டர் இக்னோர்டு தி வார்னிங். ஐ, ஜி, என்... இருக்கா?... இருக்கா?

ஐயோ கடவுளே. அது நான் எழுதினதும்மா... நான்தான்! நேத்து சாயங்காலம் கிளாஸ்ல ஒருத்தர் மூணு வரி அனுப்பினார். கழட்டியது, ஓட்டியது, எச்சரிக்கையக் கேக்காதது. செஞ்சது யாருன்னே இல்ல. சப்ஜெக்ட் இல்லாம வாக்கியமா, தலையில்லாம முண்டமான்னு கிண்டல் பண்ணினேன். யாரைப் போடலாம்னேன். ஆபரேட்டர்னு போடுங்க சார்னார். மூணு இடத்துலயும் நானே போட்டுக் குடுத்தேன்... அடிபட்டதை நீ ராத்திரிதானே போன்ல சொன்ன? எனக்கெப்படித் தெரியும், அது நம்ம மாப்பிள்ளைன்னு!

கேளு. கையெழுத்துப் போடாத. பேனாவக் கீழ வை. அண்ணன் வர்றவரைக்கும் முடியாதுன்னு சொல்லு... சத்தமா சொல்லு... சொல்லிட்டியா? என்ன சொன்னார்?... சிரிச்சாரா?... எங்க போறார்?... மாப்பிள்ளை ரூமுக்குள்ளயா? கையில என்ன வெச்சிருக்கார்?... ஸ்டாம்ப் பேடா?

ஓடு. ஓடு பாப்பா! அவரோட இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு, மயக்கத்துலயே கட்டைவிரல் ரேகைய உருட்டி எடுத்துருவாங்க... தாழ்ப்பாள் போட்டுட்டாரா? தட்டு! கத்து! நர்ஸைக் கூப்பிடு!... பாப்பா?... ஏய், யாராவது பேசுங்க...

ஹலோ... யாரு?... நேத்து மூணு வரி அனுப்பினவரா?... ஆமா, இங்கிலீஷ் வாத்தியார்தான்... அவ என் கூடப்பொறந்த தங்கச்சி சார். போன அவகிட்ட குடுங்க... எதுக்கு எனக்கு நன்றி?... முடிஞ்சுதா? என்ன முடிஞ்சுது?... சார்?... ஹலோ? ஹலோ?