புல்லாங்குழல் போட்ட பறவை

ஐயோ, அதுக்குள்ள மைக்க எடுக்காதீங்கக்கா. அப்பா இப்பத்தான் மூணாவது சட்டை மாத்துறாரு. டிவியில வர்றதுன்னா சும்மாவா? பல் டாக்டருக்கு இவ்வளவு நாளா யாரு மைக்க நீட்டினா? அவருதான் அடுத்தவங்க வாயில எதையாவது நீட்டிட்டிருப்பாரு.

சிரிச்சிட்டீங்க. அப்ப நல்லவங்கதான்.

நானா? ஒரே பொண்ணு. எல்லாரு மாதிரியும் பேசுவேன். இது எங்க அத்தை, அப்பாவோட அக்கா: ஏன்டி, ஆத்தா போயி ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள என்னடி இளிப்பு? இது அப்பா, கிளினிக்ல: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சத்தம் போடாதீங்க, வலிச்சா கைய மட்டும் தூக்குங்க.

அச்சு அசலா இருக்கா? வெளிய வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்க.

ஆமாக்கா, லீவு விட்டா காடுதான். மத்த புள்ளைங்க ராட்டினம் சுத்துங்க, நாங்க முதலை தூங்குறத வேடிக்கை பாப்போம். ஒருதடவ புலி பாக்கப் போயி, புலி போட்ட சாணியத்தான் போட்டோ புடிச்சோம். அதையும் பிரேம் போட்டு கிளினிக்ல மாட்டிட்டாரு. வாயப் பொளந்து படுத்தா நேரா அதான் தெரியும். அம்மாதான் கேமரா ஸ்டாண்டத் தூக்கிட்டுப் பின்னாடியே வருவாங்க. மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். அப்பா திரும்பிக்கூடப் பாக்காம சொல்லுவாரு: மெதுவா மூச்சு விடும்மா, பறவை ஓடிடும்.

அந்தப் பறவைய எடுத்த அன்னைக்கா? சொல்றேன். அழிஞ்சே போச்சுன்னு நெனச்ச உள்ளான் குருவி ஒண்ணு அந்த ஏரியில தெரிஞ்சுதுன்னு பேப்பர்ல போட்டுட்டாங்கல்ல, ஊர்ப்பட்ட கேமரா வந்து எறங்கிருச்சு. கரையில ஒரு மரக்குடிசை. சுவத்துல நீளமா ஒரு சந்து, அதுவழியா லென்ஸ விட்டுட்டு எல்லாரும் பொணம் மாதிரி உக்காந்திருக்காங்க. எனக்குக் கை சும்மா இருக்குமா? வாய் சும்மா இருக்குமா? அந்தப் பறவை எப்படிக் கத்தும்னு யாருக்கும் தெரியாது, ஒரு பதிவுகூடக் கெடையாதாம். அப்ப நான் எப்படிக் கத்தினாலும் அதான? பொதருக்குப் பின்னாடி நின்னு ஒரு கத்து கத்தினேன். ஒரு ரிட்டயர்டு ஜட்ஜு எட்டிப் பாக்கப் போயி சேத்துல உக்காந்துட்டாரு!

அப்பா என் காதத் திருகி, இழுத்துட்டுப் போயி கார்ல போட்டுப் பூட்டிட்டாரு. உள்ளேருந்து கதவத் தொறந்தா வண்டி ஊரக் கூட்டிரும், அப்படி ஒரு சைரன். கண்ணாடிய ஏத்திட்டு நல்லாத் தூங்கிட்டேன்.

மதியத்துக்கு மேல மத்தவங்க சலிச்சுக் கெளம்பிட்டாங்க. குடிசையில அப்பாவும் அம்மாவும்தான். அப்பத்தான் பறவை வந்துச்சு. அப்பத்தான் அம்மாவுக்கு நெஞ்சும் வலிச்சிருக்கு. பறவை போனப்புறம்தான் அவரு திரும்பிப் பாத்தாரு. அவ சத்தமே போடல, தூங்குற மாதிரி போயிட்டா. இது அப்பா, எழவுக்கு வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும்.

வேணாங்க்கா, தண்ணியெல்லாம் வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.

அப்பா நெட்ல போட்ட பறவை வீடியோ பாத்தீங்கல்ல? எதுக்குக்கா அதுல சத்தத்த எடுத்துட்டுப் புல்லாங்குழல் போட்டிருக்காரு? பறவைக்காரங்க கமெண்ட்ல கெஞ்சுறாங்க, சார் அது கத்துறதப் போடுங்க சார்னு. காத்து இரைச்சல், சரியா வரலைங்கிறாரு. சரியா வராததைத்தான் தெனம் கிளினிக்க மூடிட்டு வந்து, ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேக்குறாரு. கேட்டுட்டு அழுறாரு. காத்து இரைச்சலக் கேட்டு யாராவது அழுவாங்களா?

போன வாரம் மார்க்கு கொறைஞ்சதுக்கு ஒரு சண்டை. அதுல வாய விட்டுட்டாரு: நீ ஊரு ஒலகத்துக் குரல்லெல்லாம் கத்தி வெளையாடாம இருந்திருந்தா, அன்னைக்கு அவ கூப்பிட்டத நீதான் கத்துறன்னு நெனச்சிருப்பனா?

ஆக, கூப்பிட்டிருக்காங்க.

நானும் நம்பிட்டேங்க்கா. என்னாலதான் அம்மா போனாங்கன்னு. அம்மா குரல் எனக்கு நல்லா வரும், அத்தையே ஏமாந்திருக்காங்க. அதுலேருந்து அதை மட்டும் பண்றதில்ல. ஒரே ஒரு தடவ பண்ணிப் பாத்தேன், வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு.

இந்தாங்க, கேமராக் கார்டு, அன்னைக்குப் பதிஞ்ச சத்தம் இதுலதான் இருக்கு. அவரு ட்ராயர்லேருந்து எடுத்தேன். நான் இன்னும் கேக்கல, பயமா இருக்கு. நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க, அம்மா எத்தன தடவ கூப்பிட்டாங்கன்னு. பைக்குள்ள போடுங்க, சீக்கிரம்.

நேத்து பல்லு வெளக்கும்போதுதான் சட்டுனு தோணுச்சு. நான் பூட்டுன கார்லதான இருந்தேன்? சாவி அவரு பாக்கெட்லதானக்கா இருந்துச்சு?

தோ, வந்துட்டாரு. பச்சச் சட்டை, நல்லாருக்குப்பா. உக்காருங்க, உங்களப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம். அக்கா கேள்வி கேப்பாங்க. ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல. சத்தம் போடாதீங்க, வலிச்சா கைய மட்டும் தூக்குங்க.