இருவர் அமரும் கூடாரம்

கூடாரம் வாங்கும்போது, அதனுள் எத்தனை பேர் அமரப் போகின்றார்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் எப்போதும் பெரியதையே காட்டுவார்கள். நான் இருவர் அமரும் கூடாரத்தைத்தான் கேட்டேன்.

அம்மணி, தாங்கள் கேட்டது வேறு கேள்வி என்பதை அறிவேன். எனினும் எதனையும் தொடக்கத்திலிருந்து சொல்வதே என் வழக்கம். டேனிஷ் மொழியில் என்னால் பேச இயலும். ஆனால் இத்தகைய விடயத்தைப் பிழையற்ற மொழியில் சொல்ல விரும்புகின்றேன். ஆதலால்தான் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டேன். மொழிபெயர்க்கும் சாரங்கா என்ற இந்தப் பிள்ளைக்குச் சிரமம் இராதபடி ஆறுதலாகவே சொல்லுவேன்.

உறைந்த ஏரியின்மேல் அமர்ந்து தூண்டில் போடுவோருக்கான கூடாரங்கள் இரு வகையின. ஒன்று, சறுக்குத் தட்டோடு இணைந்தது. இழுத்துச் சென்று, அமர்ந்தபடியே தலைக்குமேல் கவிழ்த்துக்கொள்ளலாம். விரைவில் அமைக்கலாம், ஆனால் கூரை தாழ்வு. மற்றது, சுவர்களை வெளிப்புறமாக இழுத்தவுடன் குடையைப் போல் விரிந்து நிற்பது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். கடையிலேயே அதை விரித்துவைக்கச் செய்து, உள்ளே நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திப் பார்த்தேன். துணியில் படவில்லை. விற்ற இளைஞர் சிரித்து, மீன் அவ்வளவு பெரிதா என்று கேட்டார்.

பஞ்சு வைத்துத் தைத்த தடித்த துணி எனக்கு வேண்டியிருந்தது. அது குளிரைத் தடுக்கும். ஒலியையும் ஓரளவு அடக்கும். தரைவிரிப்பு இல்லாததாகப் பார்த்தேன். பின்னர் கழுவ வேண்டியதில்லை. நிறம் சிவப்பு. ஒளிப்பதற்கு எதுவும் இல்லாதவர்கள் கரையிலிருந்து நன்கு தெரியும் நிறத்தையே வாங்குவார்கள் என்று கருதினேன்.

கூடாரம் எனக்காக வாங்கப்பட்டதன்று. என் மகன் கஜதீபன் மணம் செய்யவிருந்த கிளோறியா என்ற பெண்ணின் தகப்பனார் நீக்கிலாசுக்கு அதை அன்பளிப்பாகக் கொடுத்தேன். அவர் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர்; இக்காஸ்ட் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். உடன் வேலை செய்த டேனிஷ்காரர்களோடு சுவீடனுக்குப் போய்ப் பனியில் மீன்பிடிக்கப் பழகியிருந்தார். இங்கே ஏரிகள் உறைவது அரிது. இவ்வருடம் உறைந்தபோது, அவர் சிறு பிள்ளையைப் போல் மகிழ்ந்தார்.

கூடாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சொன்னார்: "மாஸ்டர், மீன் வாசத்துக்கே மூக்கைப் பொத்துற ஆள் நீங்கள். சம்பந்தி ஆகிறதுக்கு முதலே கூடாரம் வாங்கித் தாறியள். கலியாணம் முடிய வள்ளமும் வாங்கித் தருவியள் போல."

நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் அல்லர். நான் எங்கும் அவ்வாறு சொன்னதில்லை.

இத்திருமணத்துக்கு நான் காட்டிய மறுப்புக்குக் காரணம் மதம் என்றே வீட்டில் சொல்லியிருந்தேன். நாங்கள் சைவர்கள், அவர்கள் கத்தோலிக்கர்கள். என் மனைவி தவமணி அதனை ஏற்கவில்லை. சமையலறையில் வெங்காயம் உரித்தபடி அவள் சொன்னதைச் சொல்லுகின்றேன்.

"மதமோ? உங்கட அக்கான்ர மோன் வேதக்காரப் பெட்டையைக் கட்டேக்க நீங்கள்தானே முன்னுக்கு நிண்டு மாலை எடுத்துக் குடுத்தனீங்கள்?"

"அவர்கள் வேறு. நல்ல குடும்பம்."

"நல்ல குடும்பமெண்டால்? அவை கடலுக்குப் போகாத வேதக்காரர், இவை போற வேதக்காரர். சாதியெண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோவன், மனுசன் வெங்காயம் உரிக்கிற நேரத்தில சுத்தி வளைக்காமல்."

அவளுக்குப் படிப்புக் குறைவு. நான் சாதியைக் கருதவில்லை. ஊரில் என் இரு தம்பியரின் பெண்மக்களுக்கு இன்னும் மணம் ஆகவில்லை. நாளை அவர்களைக் கேட்டு வருவோர் என்ன கேட்பார்கள் என்பதையே கருதினேன். கஜதீபனிடமும் இதனை எடுத்துரைத்தேன். அவன் டேனிஷில், "அது உங்கள் பிரச்சினை, அப்பா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் மரபில் ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால், ஆண்டுத் திவசம் கழியும்வரை அவ்வீட்டில் நன்மையான காரியம் எதுவும் செய்வதில்லை. தாலி கட்டுவது எண்ணிப் பார்க்கவும் தகாதது. இதனை நான் சிறு வயது முதல் கண்டிருக்கின்றேன். நாள் குறித்த திருமணங்கள் தள்ளிப்போய், தள்ளிப்போனவை இல்லாமலே போயின. ஓராண்டு என்பது இளையோருக்கு நீண்ட காலம். துயரத்தில் இருக்கும் பெண் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஆண் பொறுமை இழப்பான். இலண்டனில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கஜதீபனுக்குப் பெண் கொடுக்க என் பதிலுக்காகக் காத்திருந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு மரணம் மாத்திரமே. அது யாருடையது என்பதில் நான் மிகவும் சிந்தித்தேன். எங்கள் வீட்டில் தவமணியும் நானும் இருந்தோம். தவமணிக்குச் சமையல் வேலைகள் உண்டு. அவளின்றி வீடு நடவாது. ஆதலால் பெண் வீட்டைத் தேர்ந்தேன்.

ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே, வயல்கள் உள்ள கமக்காரர் ஒருவருக்குச் சொந்தமான சிறு ஏரி இருக்கின்றது. காலை உணவுக்குப் பின் அங்கே சென்றோம். வானம் தெளிவாக இருந்தது. நீக்கிலாஸ் கூடாரத்தை விரித்து, அதன் ஓரங்களைத் திருகாணிகளால் பனியில் இறுக்கினார். உட்புறம் முழுவதும் கறுப்பு. வாயிலை மூடியதும் இருள் சூழ்ந்தது. துளையிட்ட இடத்திலிருந்து மட்டும் பச்சை நிற வெளிச்சம் மேலெழுந்து எங்கள் முகங்களில் பட்டது. அழகாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மீன்கள் வருவதைப் பார்க்க வேண்டும், சிறிய துளையில் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

"அப்ப ஓட்டையைப் பெருப்பிக்கத்தான் வேணும்," என்றார் அவர். "சைவக்காரருக்கு எண்டு தனி யன்னல்."

பனி உடைக்கும் கனத்த இரும்பு அலவாங்கால் அவரே வெட்டினார். வியர்த்தது, மேலங்கியைக் கழற்றி வைத்தார். மனிதர் ஒருவர் நுழையக்கூடிய அகலம் வந்தபோது, "காணுமோ, மாஸ்டர்?" என்று கேட்டு அலவாங்கை என் பக்கமாகச் சாய்த்துவிட்டு, மிதந்த பனித்துண்டுகளை அகப்பையால் அள்ளக் குனிந்தார்.

நான் எழுந்து நின்று, கடையில் பார்த்தவாறே கைகளை உயர்த்தி, அவருடைய பின்னந்தலையில் அடித்தேன்.

முதல் அடி போதியதாக இருக்கவில்லை. அவர் முழந்தாளில் விழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு இறங்கியது. "மாஸ்டர், வழுக்குதோ? பிடியுங்கோ," என்று சொல்லித் தம் கையை நீட்டினார். நான் சறுக்கியதால் அலவாங்கு தம்மேல் பட்டதாக அவர் எண்ணினார். அந்தக் கையை நான் பற்றவில்லை. இரண்டாவது அடி நெற்றியில் விழுந்தது. எலும்பு உடையும் ஓசை தடித்த துணிக்குள் அடங்கிவிட்டது. அவ்வகையில் கூடாரம் நல்ல தெரிவே.

காலால் தள்ளி நீருக்குள் இறக்கினேன். அவர் கடலில் வளர்ந்தவர். உடல் இலகுவில் இணங்கவில்லை. தலை மேலே வந்தது. இரு கைகளாலும் பனியின் விளிம்பைப் பற்றினார். மூச்சு மாத்திரம் கேட்டது. அலவாங்கின் முனையால் விரல்களை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டியிருந்தது. பின்னர் தோளில் முனையை ஊன்றி அழுத்தி, அவரைப் பனிக்கு அடியில் செலுத்தினேன். சற்று நேரம் என் பாதங்களுக்குக் கீழே தட்டும் ஓசை கேட்டது. அது நின்றதும் அலவாங்கை நீரில் கழுவினேன். பனியில் இருந்த சிவப்பை வெட்டித் துளைக்குள் போட்டேன். என் கைகளை நனைத்துக்கொண்டு உதவிக்கு அழைத்தேன். விளிம்பு உடைந்து தலை அடிபட்டது என்றும், இழுத்தும் முடியவில்லை என்றும் சொன்னேன். தலையிலும் விரல்களிலும் இருந்த காயங்கள் பனியின் விளிம்பால் வந்தவை என்றே எழுதிக்கொண்டார்கள். நனைந்த கைகளோடு அழும் முதிய ஆசிரியரை யாரும் ஐயுறவில்லை.

என் பிழை அதன் பின்னர்தான் தெரியவந்தது. பிறருடைய வழக்கத்தையும் நம்முடையதைப் போலக் கருதிவிட்டேன். அடக்கம் முடிந்த மறுவாரம் துக்கம் விசாரிக்கச் சென்றபோது கிளோறியா என் அருகில் வந்து அமர்ந்தாள்.

"மாமா, பாதரிட்டைக் கேட்டனாங்கள். பாட்டுக்கூத்து இல்லாமல் செய்யலாமாம். அப்பா ஆசையா எடுத்த நாள். அதை மாத்த எனக்கு மனமில்லை."

"ஓராண்டு பொறுப்பது முறை அல்லவா, பிள்ளை?"

"அப்பா பொறுக்கமாட்டார், மாமா. அவர் கோட்டும் தைச்சு வைச்சிட்டார்." பிறகு என் கையைப் பிடித்தாள். "கோயிலுக்குள்ள என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. நீங்கள் வருவியளோ? கடைசியா அப்பாவோட இருந்தது நீங்கள்தானே."

என் தோளில் சாய்ந்து அழுதாள். தலையைத் தடவினேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். செத்த வீட்டுக்குப் போனவர்கள் குளிப்பது வழக்கம். சட்டையையும் எறிந்துவிட்டேன்.

அதன்பின் இரண்டு வழிகளே எஞ்சின. முதலாவது வழியில் அந்தப் பெண் இறக்க நேரும். அதனையும் எண்ணிப் பார்த்தேன், வேண்டாமென்று விட்டேன். அவள் நல்ல பிள்ளை, நோயாளரைப் பராமரிப்பவள். இரண்டாவது வழி, நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இவற்றைச் சொல்வது. தன் தகப்பனைக் கொன்றவனின் மகனுக்கு எந்தப் பெண்ணும் கழுத்தை நீட்டமாட்டாள். திருமணம் இந்தச் சனிக்கிழமை. ஆகவே, அம்மணி, என் வேண்டுகோள் ஒன்றே: நான் சொன்னவற்றை அவளுக்கு இன்றே அறிவியுங்கள். விரல்களைப் பற்றிய பகுதியைத் தவிர்க்க வேண்டாம். பாதி சொன்னால் அவள் மன்னித்துவிடக்கூடும். அவர்களுடைய வளர்ப்பு அப்படி.

தாங்கள் இப்போது கேட்ட கேள்வியை மொழிபெயர்க்கச் சாரங்கா தயங்குகின்றார். தேவையில்லை, எனக்கு விளங்கிவிட்டது. இல்லை, அம்மணி. நான் சாதி பார்ப்பவன் அல்லன். யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்திப் படிப்பித்தவன். மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை, நீங்கள் எனக்கு ஊற்றி வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருக்கின்றது. பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தகப்பனார் ஊரில் எந்தப் பகுதி, என்ன ஆட்கள் என்று மாத்திரம் சொல்லுங்கள். அதை அறிந்துகொண்டு குடிக்கின்றேன்.