கை வருது என்று சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 11.40. வெட்டு ஒன்று. புகாரில் மூன்று என்று இருப்பது தவறு.

என் பெயர் ரிஷி த/பெ பரமேஸ்வரன். வயது 26. கிள்ளான், ஜாலான் கெபுன் பகுதியில் பெற்றோருடன் வசிக்கிறேன். தொழில், இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியன். வெட்டியவர் என் அப்பா, வயது 57, தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். வெட்டுப்பட்டவர் பக்கத்து வீட்டு வாசு அண்ணன்.

அன்று எங்கள் முனியாண்டி கோயிலில் கடா பூசை. பூசை முடிந்த பிறகு அப்பா கோயிலின் பின்புறம் உட்கார்ந்து பாராங் கத்தியால் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தார். கட்டையிலிருந்து கறியை எடுக்க வருபவர் "கை வருது" என்று குரல் கொடுக்க வேண்டும். வெட்டுபவர் தூக்கிய கத்தியை அப்படியே நிறுத்துவார். அதன் பிறகே கை நீளும். எங்கள் வழக்கம் இதுதான்.

வாசு அண்ணன் பின்னாலிருந்து, "பரமு அண்ணே, கை வருது" என்றார். அதே நேரம் அப்பா மூச்சு வாங்குவதற்காகக் கத்தியை மேலேயே நிறுத்தினார். அதைப் பதில் என்று எண்ணி வாசு அண்ணன் கையை நீட்டினார். அதன் பிறகு கத்தி இறங்கியது. கை மணிக்கட்டில் தோலோடு தொங்கியது. கட்டையில் ஏற்கெனவே ஆட்டு இரத்தம் இருந்ததால் அப்பாவுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு வாசு அண்ணனின் தம்பி விமலன், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "கத்திய கீழ போடுயா" என்று கத்தினார். அப்பா போடவில்லை. இன்னும் வெட்டப்போகிறார் என்று நினைத்து, விமலன் இரும்பு நாற்காலியால் அப்பாவின் தலையில் அடித்தார். அதன் பிறகு நான் விமலனின் மூக்கை உடைத்தேன். அதை மறுக்கவில்லை.

அப்பாவுக்குச் சில வருடங்களாகவே காது சரியாகக் கேட்பதில்லை. கிரேன் வேலை போய்விடும் என்று மறைக்கிறார். பரிசோதனைக்குக் கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். கல்யாணங்களுக்குப் போவதை விட்டுவிட்டார். அம்மா பின்னாலிருந்து தொட்டபோது திடுக்கிட்டு அறைந்தார். அதன் பிறகு அம்மா அருகே போவதில்லை. வணக்கம் சொல்லியும் பதில் வரவில்லை என்று வாசு அண்ணன், "உங்கப்பனுக்கு மண்டக்கனம் லா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். முன்பகை என்று போலீஸ் எழுதியிருப்பது இதைத்தான்.

அன்று சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் நிலையத்தில், சார்ஜன் கணினியைப் பார்த்தபடியே, "கோவத்துலதான் வெட்டினீங்களா?" என்று கேட்டார். அப்பா, "ஆமா சார்" என்றார். காதில் விழாத கேள்விக்கெல்லாம் அவர் ஆமா என்றுதான் சொல்வார். சாப்பிட்டீங்களா என்று கேட்டிருந்தாலும் அதே ஆமாதான்.

அதன் பிறகு லாக்கப் கம்பிக்கு முன் நின்று, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"செவிடன்னு மட்டும் எழுத வச்சிடாத. உள்ள போட்டா போடட்டும்."

"உள்ள போட்டாலும் வேல போவும்ப்பா."

"அது வேற லா."

நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொன்னேன். தமிழில் வாசித்துக் காட்டினார்கள், மாற்றுவதற்கு எதுவுமில்லை. கையொப்பம்: ரிஷி.

இனி நான் செய்யப்போவதையும் பதியச் சொன்னேன்:

1. நாளை அப்பாவுக்குச் செவிப் பரிசோதனை கேட்டு மனு கொடுப்பேன். கைவிலங்கோடு கூட்டிப்போனாலும் சரி.

2. வாசு அண்ணனை வார்டில் போய்ப் பார்ப்பேன். விமலன் அங்கே இருப்பார். இருக்கட்டும்.

3. தொழிற்சாலைக்குப் போய், இனி அவரைக் கிரேனில் ஏற்றாதீர்கள், கீழே ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்வேன். வெளியே வந்ததும் அப்பா முதலில் என்னைத்தான் அடிப்பார்.