பொத்தானைப் பிடுங்கியவருக்கு ஒரு மடல்

ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் காட்டி, நாலாயிரம் பேரைக் காவிரிக் கரையிலேயே கட்டிப்போட்ட காவலரே! கௌதள்ளிக் கிராமம் தந்த கைத்திறக் கோமானே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் ஆற்றுக் காட்சிக்கூடத்தின் பம்புக்கும் பல்புக்கும் பிராணன் கொடுத்த பெருந்தகையே! செல்லக்கண்ணு அவர்களே, வணக்கம்!

சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர் இவ்வாண்டு ஓய்வு பெறுபவருக்கு மடல் எழுதி அவையில் வாசிப்பதும், அதைக் காப்பாளர் செலுவநாராயணன் சிவப்பு மையால் திருத்துவதும் நம் கூடத்து மரபு. எழுதும் பாக்கியம் இம்முறை டிக்கெட் கவுண்டர் முனிராஜுக்கு. காப்பாளர் திருத்துவதற்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறது.

அவையோரே, சுழல் தொட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். பொத்தானை அமுக்கினால் தண்ணீர் சுழலும். பொம்மை மனிதன் உள்ளே போவான். பத்தே விநாடியில் மேலே வந்து மிதப்பான். ஆற்றில் இறங்காதீர் என்று எச்சரிக்க வைத்தது. ஜனங்களோ கைதட்டிச் சிரித்து, நாளைக்கு லட்சம் முறை அமுக்கினார்கள். தேய்ந்த பொத்தானைத் தேயத் தேய மாற்றிக் கொடுத்த கை செல்லக்கண்ணுவாருடையது.

ஈராண்டுக்கு முன் ஒருநாள் காலையில் மனோஜ்குமார் என்ற கல்லூரி மாணவன் அதை அமுக்கினான். மதியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றில் இறங்கினான். கரையில் மிஞ்சியவை அவன் செருப்பும் செல்போனும். செல்போனில் நம் பொம்மை மூழ்கி எழும் படம், அவன் சிரிப்போடு.

காரியம் முடிந்ததும், கட்டட வேலைக்குப் போகும் அவன் தாய் கமலம்மாள் கூடத்துக்கு வந்தார். பொத்தானை அமுக்கினார். பொம்மை போனது, வந்தது. மறுபடி அமுக்கினார். பதினோரு முறை. இதில் முனிராஜ் ஒன்றும் கூட்டவில்லை.

"அண்ணா, இது மட்டும் எப்படித் திரும்பி வருது?"

செல்லக்கண்ணுவாரைத்தான் கேட்டார். மறுவாரம், கூடம் திறக்கும் முன்பே செல்லக்கண்ணுவார் தொட்டியை வடித்தார். பொத்தானைப் பிடுங்கினார். தாய் கொடுத்த செருப்பைக் கண்ணாடிக்குள் வைத்து, கன்னடத்திலும் தமிழிலும் எழுதினார்: 'மனோஜ்குமார், வயது 19. இங்கே அமுக்க ஒன்றும் இல்லை.'

காப்பாளர் குதித்தார், கூரை இடிக்குமளவு. "பொத்தான் இல்லாத பெட்டி முன்னாடி எவன்யா நிப்பான்? தொட்டாத்தானே மனசுல பதியும்!"

"பதிஞ்சுதுங்க சார். பொம்மை திரும்பி வரும்னு பதிஞ்சுது."

"ஒரு மாசம் பாக்கறேன். யாரும் நிக்கலேன்னா உமக்கு மெமோ. தொட்டி பழையபடி சுத்தும்."

இருபத்தெட்டு நாள் யாரும் நிற்கவில்லை. செல்லக்கண்ணுவார் சோறு இறங்காமல் துரும்பானார். இருபத்தொன்பதாம் நாள், தோளில் துண்டோடு ஒரு பஸ் நிறைய இளைஞர்கள். பெட்டியைக் கண்டார்கள். கைகள் பொத்தானைத் தேடின. இல்லையென்றதும் மெல்ல இறங்கின. செருப்பின் முன்னே ஒரு யுகம் நின்றார்கள்!

"பாரும், நேரா ஆத்துக்குத்தான் போவா" என்று காப்பாளர் ஸ்கூட்டரில் பஸ்ஸைத் தொடர்ந்தார். அங்கே கண்டதை இன்றுவரை வாய் திறந்து சொல்லவில்லை. மெமோவும் வரவில்லை. செருப்பு இருக்கிறது.

பெருந்தகையே! பொத்தான் மாற்றிய அந்தக் கைகளை இனியேனும் மன்னித்து, நோயற்று, நூறு கடந்தும் வாழ்க!

இங்ஙனம்,
ஆற்றுக் காட்சிக்கூட ஊழியர்கள்,
மைசூரு

(சிவப்பு மையில்) நாலாயிரம் தப்பு. நாற்பத்திரண்டு பேர். துண்டோடு ஒரு மணி நேரம் கரையில் உக்காந்திருந்தா. ஒருத்தரும் இறங்கலே. நான் பாத்தேன். — செலுவநாராயணன்