காண்க: ஊமைக்கூத்து

– சைகை, சாடை, அபிநயம், பாவனை, ஊமைக்கூத்துன்னு அஞ்சு வார்த்தைக்கும் ஒரே பொருளைப் போட்டு வச்சிருக்கோம்டி. ஊமைக்கூத்துன்னு பார்த்தா 'காண்க: அபிநயம்'. அபிநயத்துக்குப் போனா 'காண்க: பாவனை'. பாவனைக்குப் போனா திரும்ப ஊமைக்கூத்து. காசு கொடுத்து வாங்கின ஆள் அகராதிக்குள்ளேயே சுத்திச் சுத்தி மயங்கி விழுந்துடுவான்.

– அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்.

– மதியம் பக்கம் அச்சுக்குப் போகணும். சுருக்கமா சொல்லு.

– நேத்து அவன்கிட்ட கேட்டுட்டேன். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு.

– எவன்கிட்ட?

– அந்த ஊமைக்கூத்துக்காரன்கிட்டதான். வேற எவன் இருக்கான் எனக்கு?

– அடிப்பாவி! நீயேவா கேட்டே? என்ன சொன்னான்?

– ஒண்ணும் சொல்லலை. மேடைக்குப் போற நேரம், முகத்துல வெள்ளை பூசியாச்சு. பூசிட்டா, கலைக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதாம். அவங்க குழுவோட விதி. திருதிருன்னு முழிச்சான். நான் ஓடி வந்துட்டேன். போனையும் அணைச்சு வச்சிட்டேன்.

– போனை ஏன்டி அணைச்சே?

– மாட்டேன்னு சொல்லிட்டா?

– கேக்கத் தைரியம் இருக்கு, பதிலைக் கேக்கத் தைரியம் இல்லை. நல்ல பிறவிடி நீ. சரி, கோவிச்சுக்காதே. அவரை இன்னைக்கு இங்கே வரச் சொல்லியிருக்கேன். இந்த அஞ்சையும் செஞ்சு காட்டத்தான். நம்ம ஆபீஸ் வழக்கம் தெரியுமே, உடம்பால செய்யற வார்த்தைன்னா கண்ணால பார்த்துட்டுத்தான் பொருள் எழுதணும்.

– 'குட்டிக்கரணம்' எழுதறப்போ மேலாளருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சே, அந்த வழக்கமா?

– அதேதான். இதோ, அவரே வந்துட்டார். வாங்க தம்பி, உட்காருங்க. அட, வெள்ளை முகத்தோடவே வந்துட்டீங்களா?

– மத்தியான ஆட்டம் இருக்கும்க்கா. பேச மாட்டான்.

– பேசாம இருந்தா இன்னும் நல்லது. முதல்ல சைகை, தம்பி. ஆங்... நீ எழுதிக்கோடி. உன்னைக் காட்டுறார். தன்னைக் காட்டுறார். ரெண்டு விரலை ஒட்ட வைக்கிறார். என்ன தெளிவு பாரு! 'கையால் சுட்டிக் கருத்தை உணர்த்துதல்.'

– டேய், இது எனக்கா, அகராதிக்கா?

– குறுக்கே பேசாதே. அடுத்து சாடை... என்ன தம்பி, ஒண்ணும் பண்ணலையே?

– பண்ணிட்டான்க்கா.

– நான் இமைக்காமப் பார்த்துட்டு இருந்தேனே!

– பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாமப் பண்றதுதானேக்கா சாடை.

– அடடா! 'ஒருவருக்கு மட்டும் புரியும்படி'ன்னு சேர்த்துக்கோ. என்ன சொன்னார்?

– அதை அகராதியில போட முடியாது.

– முகம் ஏன்டி இப்படிச் சிவக்குது? சரி, அபிநயம். காதுல போனை வைக்கிறார். எடுக்கலை. மறுபடி போடுறார். எடுக்கலை. தலையில கையை வச்சுக்கிட்டு அப்படியே சுவத்துல சாயறார். ஐயோ பாவம்!

– மாட்டேன்னு சொல்லக் கூப்பிட்டானோ என்னவோ.

– நீ எழுதற வேலையைப் பாரு. இப்ப பாவனை, தம்பி. என்ன, தலையை ஆட்டுறார்? பாவனை வராதா?

– அதுதான் அவனுக்கு நல்லா வரும்!

– முடியாதுங்கிறார். விடு, வற்புறுத்த வேண்டாம். கடைசியா ஊமைக்கூத்து. முழுசா ஒரு கதை வேணும், தம்பி. ம்ம்... கதவைத் திறக்கிறார். ரெண்டு நாற்காலி போடுறார். யாருக்கோ காப்பியை ஆத்திக் கொடுக்கிறார். குளிச்சிட்டு வந்து ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறார். போச்சு, ஒரு பொம்பளை வந்து வாங்கு வாங்குன்னு வாங்குறா. காதைப் பிடிச்சுக்கிறார்.

– அந்தப் பொம்பளை நான்தான்க்கா.

– எப்படித் தெரியும்?

– இடுப்புல கையை வச்சு, ஒத்தைக் காலை ஆட்டிக் காட்டுறானே. நான் அப்படியா நிக்கிறேன்?

– இப்பவும் அப்படித்தான்டி நிக்கிறே! ஏய், சிரிச்சுக்கிட்டே இருந்தவ ஏன் கண்ணைத் துடைக்கிறே?

– பயமா இருக்குக்கா. இவனுக்கு இது தொழில். இல்லாத கதவைத் திறப்பான், இல்லாத கயித்தை இழுப்பான். இல்லாத ஆசையைக் காட்டுறதா பெரிய காரியம்? நீ கேட்டே, அவன் செஞ்சு காட்டுறான். இதுல என் பதில் எங்கே இருக்கு?

– அதுவும் சரிதான்... ஐயையோ தம்பி, என்ன பண்றீங்க? என் மேசைத் துணியால முகத்தைத் துடைக்கிறீங்களே! ஆட்டம் இருக்கு, வெள்ளையெல்லாம் போகுது!

– அக்கா, வாயைத் திறக்கிறான்!

– மன்னிச்சுக்கோங்கக்கா. நீங்க கேட்ட அஞ்சுல ஒண்ணைக்கூட நான் இன்னும் நடிச்சுக் காட்ட ஆரம்பிக்கலை.