மாதத்தில் ஒரு நாள்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், பின் சீட்டு அம்மாள் சொன்னது காதில் விழுந்ததும் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"எங்க ஓரகத்தியாண்ட மாசத்துல ஒரு நாளுதான் பேசுவேன்."

"அது ஏன் ஒரு நாளு?" என்றாள் பக்கத்தில் பூக்கூடையோடு இருந்தவள்.

"மொதோ ஞாயித்துக்கெழம எங்க சர்ச்சுல திருவிருந்து. மனசுல பகைய வெச்சிக்கினு வாங்கக் கூடாது. அதுக்கோசரம் வாசல்லயே 'மன்னிச்சிடு'ம்பேன். அவளும் 'மன்னிச்சிட்டேன்'ம்பா. மறுநாளு அவ மூஞ்சி அந்தாண்ட, என் மூஞ்சி இந்தாண்ட."

"அப்படி இன்னா பண்ணிச்சு அது?"

"ஜெபக்கூட்டத்துல மைக்க வாங்கி, 'எங்க அக்காவோட வாய்க்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க'ன்னுட்டா. மொத்த சபையும் கண்ண மூடிக்கினு எனக்காக ஜெபம் பண்ணுது. முடிஞ்சதும் நானே ஆமென் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"அய்யய்யோ! நடுவுல எதுனா அவசரம்னா?"

"எங்க ஊட்டுக்காரராண்ட சத்தமா சொல்லுவேன். செவுத்துக்கு அந்தாண்ட அவ காதுல வுழும்."

திருப்பதி நெருங்கியதும் அந்த அம்மாள் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"நைனா, முன்னாடி நீலப் பொடவ கட்டிக்கினு ஒருத்தி தூங்குறா பாரு. எழுப்பி வுடு. அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்."

"அம்மா, லேவண்டி" என்று கண்டக்டர் அவளை எழுப்பினார்.

"யாரு அது?" என்றாள் பூக்காரி.

"அவதான். ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குத்தான் போறோம்."

"இன்னிக்கு புதன்கெழமயாச்சே!"

"நான் எங்க பேசுனேன்? கண்டக்டருதானே பேசுனாரு."